ஐந்தாம் வருடத்துச் சண்டை

பருப்பு வேகிற நேரத்தில் செல்லூர் பேச்சி அந்தப் பாட்டை எழுதி முடித்துவிட்டாள். குக்கர் முதல் விசில் அடித்தபோது பல்லவி வந்தது. நாலாவது விசிலுக்குச் சரணம் முடிந்தது. மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிய அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு, எட்டி நின்று படித்துப் பார்த்தாள். தன் பாட்டைத் தானே மெச்சிக்கொள்வது நாகரிகமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வீட்டில் வேறு யாரும் இல்லை, அதனால் மெச்சிக்கொண்டாள்.

முன்னே யாரு, பின்னே யாரு,
முடிச்சுப் போட்டவன் அறிவான்.
இன்னைக்கு நீ இருக்கே, போதும்,
இலையைப் போடு, சோறு ஆறும்.

முப்பது வருடமாகத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவள் அவள். கொசு ஒழிப்புப் பாட்டிலிருந்து காதல் பாட்டு வரைக்கும் எல்லாம் பாடியாகிவிட்டது. சாவைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. நாற்பத்தொன்பது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சாவும் புருஷனும் சேர்ந்து ஒரே பாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டதில் அவளுக்கே ஆச்சரியம்.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம் நாடிமானிதான். அது வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. ஒரு மனிதர் ஆறு நொடி விடாமல் குரலை இழுத்தால் போதும். அந்த இழுப்பில் நெஞ்சும் நுரையீரலும் ரத்தக்குழாயும் உண்டாக்குகிற சின்னச் சின்ன நடுக்கங்களைக் கேட்டு, இன்னும் எத்தனை வருடம் எத்தனை மாதம் என்று சொல்லிவிடும். முதலில் ஆஸ்பத்திரியில் பீரோ அளவுக்கு இருந்தது. அதே வருடம் திருவிழா மருத்துவ முகாம்களுக்கு வந்தது. இப்போது எல்லார் சட்டைப்பையிலும் போனுக்குள் இருக்கிறது. அது காட்டுகிற எண்ணுக்கு ஜனங்கள் வைத்த பெயர் மீதி.

பேச்சில் ஆபத்தில்லை. பேச்சு துண்டு துண்டாக வருவது. இழுத்தால்தான் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும் ஊர் இழுப்பதை நிறுத்திக்கொண்டது. தாலாட்டு நின்றது. கோயிலில் பெண்கள் கூடி நின்று நாக்கைச் சுழற்றிப் போடுகிற குலவை நின்றது. சாவு வீட்டில்கூட அழுகையை நறுக்கி நறுக்கி அழப் பழகிக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு மீதியையும் கேட்டார்கள். அடுத்தவர் மீதியை அனுமதியில்லாமல் பார்க்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும் என்றும்தான் சட்டம் இருக்கிறது, மதுரையில் யார் நிற்கிறார்கள்?

பாடகர்கள் மட்டும் பிழைத்துக்கொண்டார்கள். குரலில் உள்ள நடுக்கத்தை வழித்தெடுத்துவிட்டு வழுவழுவென்று வெளியே அனுப்புகிற ஒரு சாதனம் வந்தது. அதைத் தொழிலில் இருப்பவர்கள் முக்காடு என்பார்கள். பேச்சி முக்காடு இல்லாமல் பாடியது முதல் இரண்டு வருடம் மட்டும்தான்.

தல்லாகுளத்தில் ரெஜினாவின் ஒலிப்பதிவுக்கூடத்தில் அன்று மத்தியானமே பாட்டைப் பாடிப் பார்த்தாள். ரெஜினா முப்பது வயதுக்காரி, காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டிவிட்டு நாற்காலியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, வாயில கொழுக்கட்டையா? சொல்லு.”

“பாட்டு அருமையா இருக்குக்கா. பாடுனதுதான் யாரோ மாதிரி இருக்கு.”

“புளிக்காத மாவுல சுட்ட இட்லி மாதிரி இருக்கு, அதானே?”

“சாவைப் பத்தின பாட்டுக்கா இது. முக்காடு என்ன செய்யுது? சாகப் போற ஆளோட அடையாளம் எதெல்லாம் குரல்ல இருக்கோ, அதை மட்டும் பொறுக்கி எடுத்துருது. மிச்சம் இருக்கிறது சாகாத ஒருத்தர் பாடுற பாட்டு. அவங்களுக்கு எதுக்கு இந்தப் பாட்டு?”

பேச்சி ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினாள்.

“அப்ப முக்காட்டை எடுத்துட்டுப் பாடுறேன்.”

“அக்கா, வெளையாடாதீங்க. பாட்டு வெளிய வந்த பத்தாவது நிமிஷம் ஊர் பூரா உங்க மீதியைப் பாத்துரும். டீக்கடையில பேசுவாங்க.”

“பேசட்டும். எனக்கென்ன கல்யாணமா ஆகணும்?” என்றாள் பேச்சி. ஆனால் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. கல்யாணம் ஆகிவிட்டது என்பதுதானே சிக்கல்.

அவள் புருஷன் சோலைமலை. கல்யாணத்தின்போது நாடிமானி மெக்கானிக்காக வேலை பார்த்தவர். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா, “பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டும், பதிஞ்சு கொண்டுபோய் முகாம்ல மீதியைப் பாத்துக்கிருவோம்” என்று போனை எடுத்தபோது, அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டவர் அவர்தான். “நானும் பாக்கமாட்டேன், நீங்களும் பாக்கக்கூடாது. அவ மீதி எனக்குத் தெரியக்கூடாது, என் மீதி அவளுக்குத் தெரியக்கூடாது. இதுக்குச் சம்மதம்னா தாம்பூலத்தை மாத்துங்க” என்றார். நாடிமானி மெக்கானிக்கே இப்படிச் சொன்னதில் தெருவே அசந்துபோனது. பேச்சி அந்த நிமிடத்தில் விழுந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அந்த வாக்கு இருபத்தேழு வருடமாக நிற்கிறது. குளியலறையில்கூட அவள் இழுத்துப் பாடியதில்லை.

வீட்டுக்கு வந்தபோது சோலைமலை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். இப்போது அவருக்கு மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சீட்டின் முன்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நின்றிருந்தார்.

“என்னைய வச்சு எழுதியிருக்க போல.”

“ஊர்ல வேற எவன் சட்னிக்குச் சண்டை போட்டான்?”

அவர் சரணத்தைச் சத்தமாகப் படித்தார்.

நாலு வருஷம் பூவைக் கொட்டிப்
பொன்னப் போலப் பாத்த மச்சான்,
அஞ்சாம் வருஷம் சட்டினிக்கு
அடுக்களையில சண்டை வச்சான்.

அது உண்மைதான். கல்யாணமான முதல் நாலு வருடம் சோலைமலை வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்ததில்லை. தினமும் மல்லிகைப் பூ. சோறு குழைந்தால் குழைந்த சோறுதான் பிடிக்கும் என்பார், தீய்ந்தால் தீய்ந்ததுதான் ருசி என்பார். அவள் தூங்குகிறபோது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தெருப் பெண்கள் வயிறெரிந்தார்கள். ஒன்றில் மட்டும் அவர் அசையவில்லை. பிள்ளை இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று நாலு வருடம் தள்ளிப்போட்டார். ஊர் அவளைத்தான் மலடி என்றது. பேச்சி அடுப்படியில், நறுக்கி நறுக்கி, அழுதிருக்கிறாள்.

ஐந்தாம் வருடத் தொடக்கத்தில் அவளை வளர்த்த அத்தை இருளாயி ஒருநாள் பொழுதில் போய்ச்சேர்ந்தாள். சாவு வீட்டில் பெற்ற பிள்ளை மாதிரி விழுந்து புரண்டு அழுதவர் சோலைமலைதான். இழுத்து இழுத்து அழுதார், மீதியைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல். யாரோ துண்டை எடுத்து அவர் வாயை மூடினார்கள். பிறகு இரண்டு நாள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில், தட்டைத் தள்ளிவிட்டு, “சட்னியில உப்பு இல்லை. இதை மனுஷன் திம்பானா?” என்று கத்தினார். முதல் சண்டை. பேச்சி பயந்தே போனாள். அதே மாதம் நாடிமானி வேலையை விட்டார். அடுத்த வருடம் மகள் இளவேனில் பிறந்தாள். அவள் இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள்.

“நல்லாருக்கு” என்று சிரித்தார் சோலைமலை. “எப்ப பாடப்போற?”

“முக்காடு போட்டுப் பாடிட்டேன். நல்லால்ல. எடுத்துட்டுப் பாடலாம்னு இருக்கேன்.”

சிரிப்பு நின்றது. சீட்டைத் திரும்பக் காந்தத்தில் ஒட்டினார். இரண்டு தடவை நழுவி விழுந்தது.

“வேண்டாம் பேச்சி.”

“நீங்க கேக்காதீங்க. போனைத் தொடாதீங்க.”

“ஊர் பூரா பேசும்போது நான் காதை எங்க கழட்டி வைக்க? எவனாவது கடைக்கு வந்து, ‘அண்ணே, கேள்விப்பட்டேன்’னு மூஞ்சியைத் தொங்கப் போட்டான்னா எனக்குத் தெரிஞ்சு போகும்ல?”

“நல்ல எண்ணா இருந்தா?”

“எந்த எண்ணும் நல்ல எண்ணு கிடையாது.”

இவ்வளவு உறுதியாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. மூன்று நாள் வீட்டில் பேச்சு குறைந்தது. பேச்சிக்கு இரண்டு பக்கமும் இழுத்தது. அந்தப் பாட்டைப் போல இன்னொன்று தன் கையில் வராது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். வழுவழுப்பாக அதை ஊருக்குக் கொடுப்பதைவிட கொடுக்காமலே இருக்கலாம். ஆனால் அவள் கேட்டு அந்த மனுஷன் இல்லை என்று சொன்னதே அபூர்வம். யாருக்காக எழுதினாளோ அவரை நோகடித்துவிட்டு அந்தப் பாட்டை எந்த வாயால் பாடுவது? வெள்ளிக்கிழமை காலை சீட்டைக் கிழித்துவிடலாம் என்று ஃப்ரிட்ஜிடம் போனாள்.

“கிழிக்காத” என்றார் பின்னாலிருந்து சோலைமலை. கடைக்குக் கிளம்பியவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப வந்திருந்தார். “ஒரு வழி இருக்கு. நீ திறந்த குரல்ல பாடு. ஆனா நீ இழுக்கிற இடத்துல எல்லாம் பத்து இருபது பொம்பளைங்க குலவை போடட்டும். நாடிமானி குழம்பிரும்.”

“இப்ப உள்ள போன் எல்லாம் எத்தனை குரல் இருந்தாலும் பிரிச்சிரும்னு ரெஜினா சொல்றா.”

“பாட்டுன்னா பிரிக்கும், பேச்சுன்னா பிரிக்கும். குலவையைப் பிரிக்காது. நாக்கு அடிக்கிற அடியில எந்த நடுக்கம் எந்த நெஞ்சோடதுன்னு தெரியாமப் போகும், ஒரு குரல் இன்னொண்ணுல ஒட்டிக்கிரும். அதைக் கண்டுபிடிச்சவெங்க ஊர்ல குலவை கிடையாதுல்ல. அப்படி ஒரு சத்தம் உலகத்துல இருக்குன்னே அவெங்களுக்குத் தெரியாது.”

“நீங்க அந்த வேலையை விட்டு இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சோலைமலை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“ஒரு தடவை ஏமாந்திருக்கேன்.”

அவர் மெதுவாகத்தான் சொன்னார். நாடிமானி வந்த புதிது. செல்லூரில் அம்மன் கோயில் முளைப்பாரி. முகாமில் கருவியைப் பொருத்திவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். முளைப்பாரியைத் தூக்கி வைத்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். கருவியின் கேமரா கூட்டத்தைத் துழாவி ஒரு முகத்தில் போய் நின்றது. இருபத்தொரு வயது, மஞ்சள் தாவணி, வாய் நிறையக் குலவை. முகத்துக்குக் கீழே எண் வந்தது. நாலு வருஷம், ஏழு மாசம்.

“நீதான்” என்றார்.

பேச்சிக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. மூன்றாவது வாரமே பெண் கேட்டு வந்த அவசரம். பையில் போட்ட போன். தினசரி மல்லிகை. தூக்கத்தில் விழிக்கும்போதெல்லாம் எதிரே இருந்த முகம்.

“அப்ப நானும் பாக்கமாட்டேன்னு அத்தனை பேருக்கு முன்னால சொன்னது?”

“பொய்யில்ல. அதுக்கப்புறம் பாக்கலை. முன்னாடியே பாத்துட்டேன்.”

“பாவம் பாத்துத்தான் கட்டினீங்களா என்னைய?” அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “சாகப்போறவளுக்குப் பிச்சை போட்டீங்களா?”

“பாவம் பாத்தா ஒரு நாள் பூ வாங்கித் தரலாம் பேச்சி. கல்யாணமா பண்ணுவாங்க? எனக்கு அந்த முகம் பிடிச்சுப் போச்சு. எண்ணையும் பாத்துட்டேன். இவ நாலரை வருஷந்தான் இருப்பான்னா, அதுல ஒரு நாளைக்கூட வேற எவனுக்கும் விடக்கூடாதுன்னு தோணுச்சு. அவ்வளவுதான். யோசிச்சதெல்லாம் இல்ல.”

“பிள்ளை வேண்டாம்னது?”

“தாயில்லாம எப்படி வளக்கிறது?” என்றவர் தலையைக் குனிந்துகொண்டார். “ஊர் உன்னையப் பேசுனது எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்ல முடியலை.”

வெளியே பால் வண்டி மணியடித்துப் போனது. பேச்சி அடுப்பை அணைத்தாள்.

“கருவி சொன்ன மாசம் வந்துச்சு. நான் தூங்கலை. நீ எந்திரிச்சு வாசல் தெளிக்கப் போனாக்கூடப் பின்னாலயே வந்தேன். அப்பத்தான் உங்க அத்தை போயிட்டாங்க. கிடத்தியிருந்த அவங்க முகத்தைப் பாத்ததும் பொறி தட்டுச்சு. அன்னைக்குக் கூட்டத்துல உனக்குப் பின்னால நின்னது அவங்கதான். முகம் உன்னோடது, குரல் அவங்களோடது. கருவி ரெண்டையும் ஒட்டி ஒரே ஆளாக்கிருச்சு.”

பேச்சிக்கு அந்தத் திருவிழா நன்றாக ஞாபகம் இருந்தது. “அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு” என்றாள் மெல்ல. “சத்தமே வரலை. அத்தை திட்டுவாளேன்னு வாயை மட்டும் அசைச்சேன்.”

சோலைமலை நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

“நான் அன்னைக்கு அழுததுக்கு ஊரே மெச்சுச்சு” என்றார் சோலைமலை. “அத்தைக்காகவா அழுதேன்? நீ இருக்கேன்னு அழுதேன். ஒரு சாவு வீட்டுல நான் சந்தோஷப்பட்டிருக்கேன் பேச்சி. உன்னைய வளத்தவ பிணத்தை வச்சுக்கிட்டு. அதைத்தான் உன்கிட்டச் சொல்ல முடியலை. இத்தனை வருஷமா.”

கோபத்தைத் தேடிப் பார்த்தாள் பேச்சி. கொஞ்சம் இருந்தது, அந்த நாலு வருட அடுப்படி அழுகைக்கு உரிய கோபம். அதை அவருக்கு எப்போதாவது திருப்பிக் கொடுப்பாள், விடமாட்டாள். ஆனால் அதற்கு மேலே வேறொன்று பொங்கி வந்துகொண்டிருந்தது.

“எங்க அத்தைக்கு மட்டும் இது தெரிஞ்சிருந்தா, பாடையில எந்திரிச்சு உக்காந்து ஒரு குலவை போட்டுட்டுப் படுத்திருப்பா” என்றாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “அப்ப அந்தச் சட்னி?”

“மாசம் முடிஞ்சு ஒரு வாரமும் ஆச்சு. காலையில நீ தட்டைக் கொண்டாந்து வைக்கிற. வாயில வச்சா உப்பு இல்லை. நாலு வருஷமா எவ்வளவோ தடவை இல்லைதான். அன்னைக்குத்தான், இவ இருப்பா, இனிமே இவகிட்டச் சண்டை போடலாம்னு தோணுச்சு. கத்திட்டேன்.”

பேச்சி உட்கார்ந்து அழுதாள். நறுக்கவில்லை. இழுத்து, நீளமாக, ஆறு நொடிக்கும் மேலே அழுதாள். சோலைமலை தன் போனை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார்.

அடுத்த புதன்கிழமை ரெஜினாவின் கூடத்தில் செல்லூர்ப் பெண்கள் இருபத்தைந்து பேர் வந்து நெருக்கியடித்து நின்றார்கள். ஒருத்தி மீதியும் வெளியே தெரியாது என்று பேச்சி சத்தியம் செய்து கூட்டி வந்திருந்தாள். இருபத்தெட்டு வருடமாக யாரும் குலவை போட்டதில்லை. முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை சிரிப்பு வந்தது. ஒருத்திக்குப் பல்செட்டு கழன்று விழுந்தது. எட்டாவது தடவை அது வந்தபோது கண்ணாடி அறைக்குள் இருந்த ரெஜினா எழுந்து நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவந்து தானும் கூட்டத்தில் நின்று, தெரிந்த மட்டும் நாக்கைச் சுழற்றினாள்.

பேச்சி முக்காடு இல்லாமல் பாடினாள். மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கியது, தழுதழுத்த இடத்தில் தழுதழுத்தது. கடைசியில், சீட்டில் இல்லாத நாலு வரியைச் சேர்த்துக்கொண்டாள்.

சண்டை போட்ட காலையிலே
சாவு வாசல் தாண்டிப் போச்சு.
உப்பு இல்லேன்னு சொன்ன வார்த்தை
உசுரு உண்டுன்னு ஆச்சு.

ரெஜினா தன் போனில் நாடிமானியைப் போட்டுப் பாட்டை முழுக்க ஓடவிட்டாள். திரையில், குரல் எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது.

“இத்தனை பேர் கத்திருக்கோம், கிடைக்கலையாம்” என்று பல்செட்டுக்காரி கையைத் தட்டிச் சிரித்தாள்.

பாட்டு போய்ச் சேர்ந்த இடமெல்லாம் குலவையும் போய்ச் சேர்ந்தது. ஆடி மாதக் கோயில்களில் பெண்கள் கூட்டமாக நின்று துணிந்து போட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் தாய் தாலாட்டுப் பாட, பக்கத்து வீட்டுக்காரி குலவை போட்டுத் துணை நின்றாள். குழந்தை தூங்கியதா என்று கேட்கக் கூடாது.

ஆடி வெள்ளியன்று காலை சோலைமலை கடைத்தெருவிலிருந்து வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம். பிரித்தால் நாலு முழம் மல்லிகைப் பூ. வாங்கி வந்து பல வருடம் ஆகியிருந்தது. அவளே தலையில் வைத்துக்கொள்ளட்டும் என்று மேசையில் வைத்துவிட்டு, உட்கார்ந்து, தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டு வாயில் போட்டார்.

“பிரமாதம்” என்றார்.

பேச்சியின் கையிலிருந்த தோசைக்கரண்டி அப்படியே நின்றது. பூவைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பழைய கனிவு, அவளுக்குத் தெரிந்த அதே கனிவு, அதில் இருந்தது.

“ஏங்க” என்றாள். “எதையாவது பாத்துட்டீங்களா?”

“நான் எதையும் பாக்கலை. ஆடி வெள்ளின்னு வாங்கினேன். சட்னி நிசமாவே நல்லாருக்கு.”

“நல்லா இருக்க வேண்டாம். குறை சொல்லுங்க.”

சோலைமலை அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு விரலால் சட்னியை இன்னொரு தடவை வழித்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் யோசித்தார்.

“உப்பு ஒரு கல்லு கம்மி.”

“அப்படிச் சொல்லுங்க” என்றாள் பேச்சி. பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கல்லில் அடுத்த தோசையை ஊற்றினாள்.